பேர் எழுதாத ஏழு பெட்டி

அந்தச் செவப்புப் பெட்டியைக் கீழ வச்சிருங்கம்மா. வாங்க வேண்டாம்னு சொல்லல. கையிலயே வச்சுக்கிட்டு நின்னா வாங்கிருவிய, அதுக்குத்தான் சொல்லுதேன். எனக்கு அப்பிடித்தான் ஆச்சு. போன வருசம் இதே கடை, இதே அலமாரி, இப்ப நீங்க நிக்கிய பாருங்க, இதே எடத்துல நான் நின்னேன். மூடியில காந்தம் வச்சிருக்கான். தொறந்து மூடுனா டப்புன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துல மயங்கிட்டேன். ஒரு அம்பது தடவை தொறந்து மூடிருப்பேன். கடைக்காரப் பிள்ளை என்னையவே பாத்துட்டு நின்னா.

ஆருக்கு வாங்குதிய? ஆபீஸ்ல கிறிஸ்மஸ் ஃப்ரெண்டுக்கா? சீட்டுக் குலுக்கி எடுத்து, குடுக்கது ஆருன்னு தெரியாமலே பரிசு வைக்கணும், அதுதானே. எங்க ஸ்கூல்லயும் உண்டு. முப்பத்தோரு வருசத்துல எனக்கு இருபது தடவை சோப்பு டப்பாதான் வந்துச்சு. வச்சது ஆருன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். சயின்ஸ் டீச்சர்.

இந்த வரிசை நகருத மாதிரி தெரியல. பில்லு போடுற மிஷின் மக்கர் பண்ணுதாம். நிக்கதுதான் நிக்கிய, சொல்லுதேன் கேளுங்க.

எம் பேரு மார்சலின். தையல் டீச்சர். ரிடையர் ஆகி மூணு வருசம் ஆச்சு. இந்தத் தூத்துக்குடியில கன்னியாஸ்திரிமார் ஸ்கூல்ல வேலை. ஆண்டு விழா வந்தா பரிசு அம்புட்டையும் நாந்தான் பொதிவேன். பிஷப்பு வந்தாலும் சரி, கலெக்டர் வந்தாலும் சரி, அவிய கையில போற சாமானுக்கு மேல என் ரிப்பன் ரோஜா இருக்கும். ஒரே ரிப்பன். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, ஊசி குத்தக் கூடாது. விரல்ல சுத்திச் சுத்தி ஒரு முடிச்சு, அவ்வளவுதான், ரோஜா. எங்க தலைமைச் சிஸ்டர் பத்து வருசமா கத்துக்கப் பாத்தாவ. அவியளுக்கு முட்டைக்கோசுதான் வந்துச்சு.

எனக்கு ஒரே மவ, வினோலியா. அவ எல்கேஜி போகும்போது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி நீலப் பை. மாறிப்போயி ஒருநாள் வேற பிள்ளை பையைத் தூக்கிட்டு வந்து அழுதா. அன்னைக்கு அவ பைக் காதுல செவப்பு ரிப்பன்ல ஒரு ரோஜா கட்டிவிட்டேன். அதுக்குப் பொறவு மாறவே இல்ல. பன்னெண்டாங் கிளாஸ் வரைக்கும் கட்டிவிட்டேன். காலேஜுக்குப் போகும்போதுதான், "வேண்டாம்மா, சிரிக்காளுவ"ன்னா. சரின்னு விட்டேன்.

போன வருசம் மே மாசம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பேரு டெல்வின், கப்பல் கம்பெனி ஆபீஸ்ல இருக்காவ. தங்கமான மருமவன், நம்ம கண்ணே பட்டுரும். வீடு வீரபாண்டியபட்டணம், இங்க இருந்து பஸ்ல ஒரு மணி நேரம். அவிய அம்மா பெர்பெத்து. எனக்கு மைனி, அதாவது மதினி முறை. நான் அவியளைப் பத்தி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்லுதேன், குறை அதுல தானா வந்துரும்.

கல்யாணச் சீரை நாங்க ஜவுளிக்கடை கட்டைப்பையில கொண்டு போனோம். பன்னெண்டு பை. எல்லாரும் அப்பிடித்தான் கொண்டு போவாவ. கல்யாண மண்டபத்துல, நூறு பேரு சாப்பிட்டுட்டு இருக்க எடத்துல, இந்த பெர்பெத்து மைனி என்ன சொன்னாவ தெரியுமா? "தையல் டீச்சர்னாவ, நான் என்னமோ நெனச்சேன். பையைப் பாத்தா ஜவுளிக்கடைக்காரன்லா சீர் செஞ்ச மாதிரி இருக்கு" ன்னாவ. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாவ. நானும் சிரிச்சேன். அன்னைக்குச் சாப்பிட்ட பிரியாணி எனக்கு இன்னும் செரிக்கல.

நீங்க எந்த ஊரு? மதுரையா? அப்பம் தலை தீபாவளி தெரியும்லா. அதே மாதிரி எங்களுக்குத் தலைக் கிறிஸ்மஸ். பொண்ணு வீட்ல இருந்து மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் போவும். துணிமணி, கேக்கு, பலகாரம், மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம், எல்லாத்துக்கும் முன்னால ஒரு பழத்தார். சீர் வந்து எறங்குன பொறவு இருபத்தாறாந் தேதி மவளையும் மருமவனையும் நம்ம வீட்டுக்கு விருந்துக்கு அனுப்பி வைப்பாவ. இது ஒரு தடவைதான். அடுத்த வருசமும் கிறிஸ்மஸ் வரும், தலைக் கிறிஸ்மஸ் வராது. நான் அக்டோபர் மாசமே அவ ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு வச்சுட்டேன். அவளுக்குப் புடிச்ச இளநீலம். கல்யாணம் ஆகிப் போனதுல இருந்து ஞாயித்துக்கெழமை வருவா, காப்பி குடிப்பா, மாமியாருக்கு மருந்து வாங்கணும்னு ஓடிருவா. இந்தத் தடவை நாலு நாள் இருப்பா. அதை நெனச்சுத்தான் ரெண்டு மாசமும் ஓட்டுனேன்.

பை விசயத்துல வாங்குன அடி மறக்குமா? இந்தத் தடவை பெட்டிதான்னு முடிவு பண்ணிட்டேன். நவம்பர் மாசத்துல இருந்து இந்தக் கடைக்கு மூணு நடை. கூட எங்க வீட்டுக்காரவ. ரெமிஜியுஸ்னு பேரு. துறைமுகத்துல கிரேன் ஓட்டுனவ. வீடு மாதிரி இருக்க கண்டெய்னரை அலேக்காத் தூக்கிக் கப்பல்ல வச்சவ, அவியளுக்கு இந்தப் பெட்டியெல்லாம் ஒரு பெட்டியாத் தெரியுமா? அவியளும் என்னைய டீச்சர்னுதான் கூப்பிடுவாவ.

"உள்ள என்ன வைக்கப்போற டீச்சர்?"

"அது பொறவு. மொதல்ல பெட்டி."

"சரக்கு வந்த பொறவுதான் நாங்க பெட்டி தேடுவோம்."

"இது கப்பல் இல்ல. சம்பந்தி வீடு."

அவிய அந்தா இருக்க ஸ்டூல்ல போயி உக்காந்துகிட்டாவ.

இந்தா இருக்கு பாருங்க, ஜன்னல் வச்ச பெட்டி, இது வேண்டாம்னுட்டேன். உள்ள இருக்கது வெளிய தெரிஞ்சா பெர்பெத்து மைனி தொறக்காமலே வெலை சொல்லிருவாவ. பனி பெய்யுத படம் போட்ட பெட்டி இருந்துச்சு. இங்கன டிசம்பர்ல மழை பேஞ்சா முழங்கால் தண்ணி, பனிக்கு எங்க போவ? கிறிஸ்மஸ் தாத்தா மூஞ்சி போட்டது ஒண்ணு. அந்தத் தாடியைப் பாத்தா எங்க பழைய கரஸ்பாண்டன்ட் ஃபாதர் ஞாபகம் வந்துச்சு, இன்கிரிமென்டை மூணு வருசம் நிறுத்தி வச்ச மனுசன், அவரை நான் எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்? கடைசியில இதுதான். இந்தச் செவப்பு. ஓரத்துல தங்கக் கோடு. பெருசுல இருந்து சின்னது வரைக்கும் ஏழு அளவு. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனா கோயில் கோபுரம் மாதிரி நிக்கும்.

பெட்டி வாங்கியாச்சு. பொறவு உள்ள வைக்கதுக்குச் சாமான் தேடுனோம். பெரிய பெட்டிக்கு ஏத்த அகலத்துல மைனிக்குப் பட்டுச்சேலை. அடுத்ததுக்குச் சம்பந்திக்கு வேட்டி சட்டை. மருமவன் சட்டையைப் பெட்டிக்கு ஏத்த மாதிரி மடிச்சு மடிச்சு, கடைசியில காலரு மட்டுந்தான் தெரிஞ்சுது. வினோலியாவுக்கு சுடிதார் ஒண்ணு. பலகாரத்துக்கு முந்திரிக்கொத்து ஒரு பெட்டி. கேக்குதான் வம்பு பண்ணுச்சு. நான் ஆர்டர் குடுத்தது வட்டக் கேக்கு, பெட்டி சதுரம். என்ன செய்ய? நாலு பக்கமும் வெட்டிச் சதுரமாக்கிட்டேன். வெட்டுனதை எங்க வீட்டுக்காரவ நின்னுகிட்டே தின்னாவ. "நல்ல வேளை டீச்சர், நீ பெரிய கேக்கா வாங்கினே" ன்னாவ. ஏழாவது, உள்ளங்கை அளவு பெட்டி, அதுல மோதிரம்.

பழத்தாரு எந்தப் பெட்டிக்குள்ள போவும்? போவாது. செவப்புப் பெட்டி ஏழுக்கு முன்னால பச்சைக் காம்பும் பாலும் வடிய ஒரு பழத்தாரை வச்சா பாக்க எப்பிடி இருக்கும்? வேண்டாம்னுட்டேன். "பழத்தார் இல்லாத சீரா?"ன்னு இவிய முனங்குனாவ. நான் காதுல வாங்கல.

வினோலியா ஒண்ணே ஒண்ணு கேட்டிருந்தா. போன்ல சொன்னா, "அம்மா, வரும்போது மாசித் தொக்கு ஒரு பாட்டில் கொண்டு வாம்மா. இங்க செய்யதுல நம்ம வீட்டு ருசி இல்ல." சரி சரின்னேன். செஞ்சும் வச்சேன். ஆனா மாசின்னா சூரைமீன் கருவாடு, அந்த நெடி தெரியும்லா? பெட்டிக்குப் பக்கத்துல வச்சா பட்டுச்சேலையெல்லாம் கருவாட்டு வாடை அடிக்கும். மைனிக்கு அது ஒண்ணு போதும். பொறவு குடுத்துக்கிடலாம்னு அடுக்களையிலயே வச்சுட்டேன்.

பில்லு போடுத அன்னைக்கு இந்தப் பிள்ளை கேட்டா, "பேர் அட்டை ஒட்டணுமா மேடம்? ஆருக்கு, ஆரு குடுக்காங்கன்னு எழுதலாம்." நான் சொன்னேன், "ஏட்டி, சீர்ல பேர் எழுதுவாவளா? இது என்ன கல்யாண வீட்டு மொய்க் கவரா?" அடுத்தாப்புல ரிப்பன். நான் நாலு மீட்டர் ரிப்பன் கையில எடுத்துட்டேன். அவ ஒரு பூவைக் காட்டுனா. மினுமினுன்னு, அடியில பசை, ஒட்டுனா ஒட்டிக்கிடும். "கையால கட்டுறது பழைய ஸ்டைல் மேடம், இப்ப எல்லாரும் இதுதான்." எனக்கு மைனி மண்டபத்துல தையல் டீச்சர்னு இழுத்துச் சொன்னது காதுல கேட்டுச்சு. ரிப்பனை வச்சுட்டு அந்தப் பூவையே ஏழு வாங்கிட்டேன்.

இருபத்திமூணாந் தேதி காலையில ஆட்டோ புடிச்சுப் போனோம். வீடு தொறந்து கெடக்கு, ஆளைக் காணும். மைனி கோயில்ல இயேசு பொறந்த குடில் கட்டுத வேலைக்குப் போயிருக்காவளாம். சம்பந்தி கறி வாங்கப் போயாச்சு. எம் மவளும் மருமவனும் வேலைக்கு. ஹால்ல ஒருத்தன் ஏணிமேல நின்னு நட்சத்திரம் கட்டிக்கிட்டு இருக்கான், டெக்கரேஷன்காரன். மூலையில ஒரு குடில், பக்கத்துல பெரிய கிறிஸ்மஸ் மரம். அடியில ஏற்கனவே பதினஞ்சு பெட்டி. மைனி வீட்டுக்கு இத்தனை பேரு பரிசு கொண்டாறாவளா, நல்ல வேளை கட்டைப்பையில வராமப் போனோம்னு நெனச்சேன்.

ஏணிக்காரன் எங்களைப் பாத்தான். "வந்துட்டியளா? அங்கன மரத்தடியில அடுக்குங்க. பெருசு பொறத்தால, சின்னது முன்னால" ன்னான். சம்பந்தின்னு ஒரு மரியாதை இல்லையேன்னு தோணுச்சு, ஆனா சொன்ன முறை சரிதான். நான் அதைவிட நல்லாவே அடுக்குனேன். அந்தப் பதினஞ்சையும் கொஞ்சம் தள்ளி, நம்ம ஏழும் பளிச்சுன்னு தெரியுத மாதிரி நடுவுல வச்சு, ரெண்டு எட்டு பின்னால போயி பாத்து, திரும்ப ஒண்ணைத் திருப்பி வச்சேன். கலைன்னா கலைதான்.

"இருந்து பாத்துட்டுப் போவோமா?"ன்னு இவிய கேட்டாவ. சீரை வச்சுட்டு அங்கனயே குந்தி இருந்தா, வாயைப் பாத்துட்டு இருக்காவன்னு சொல்லுவாவ. அதுவும் போவ, அவிய வந்து, பாத்து, தெகைச்சு, தானா போன் பண்ணணும். அதுதான் எனக்கு வேணும். ஏணிக்காரன்கிட்ட, "வந்தாச் சொல்லிருங்க" ன்னேன். "சொல்லிருதேம்மா" ன்னான்.

போன் வரல.

அன்னைக்கு வரல. மறுநாளும் வரல. போனை அரிசி டப்பா மேல வச்சுக்கிட்டு அதிரசம் சுட்டேன். இருபத்திநாலு சாயங்காலம் போன்ல ஒரு போட்டோ வந்துச்சு. சொந்தக்காரங்க குரூப்புல. அவிய பங்குக் கோயில்ல வீட்டுக் குடில் போட்டி வச்சாவளாம், பெர்பெத்து மைனிக்கு மொதப் பரிசு. ஒரு ஹாட்பாக்ஸைக் கையில ஏந்திக்கிட்டு நிக்காவ. பொறத்தால மரம். மரத்தடியில நடுவுல, பளிச்சுன்னு, என் ஏழு பெட்டி. கீழ ஆரோ எழுதிருக்காவ, பெட்டி அலங்காரம் அருமைன்னு. மைனி அதுக்கு ரெண்டு கை கும்பிடு போட்டிருக்காவ.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? என் பெட்டியை வச்சுப் பரிசு வாங்கியாச்சு, என் பெட்டிக்குக் கும்பிடும் போட்டாச்சு, எனக்கு ஒரு வார்த்தை இல்ல.

கிறிஸ்மஸ் அன்னைக்குப் பூசை முடிஞ்சு வந்து உக்காந்திருக்கேன், வினோலியா போன். "அம்மா, வந்து, அத்தை கேக்காவ. நம்ம வீட்ல இருந்து ஒண்ணும் வரலையான்னு. வருவியளான்னு."

ஏழு பெட்டி ஒண்ணும் இல்லையாம். இன்னும் வேணுமாம். நான் சொன்னேன், "ஒங்க மாமியாருக்குக் கண்ணு பெருசு வினோலியா. அந்தக் கண்ணுக்குத் தெரியுத மாதிரி செய்ய எங்ககிட்ட இல்லன்னு சொல்லு." போனை வச்சுட்டேன். பொறவு அவ நாலு தடவை அடிச்சா, எடுக்கல. பாத்தியளா, பெட்டின்னு ஒரு வார்த்தை என் வாயில இருந்து வரல. செஞ்சதைச் சொல்லிக்காட்டக் கூடாதுன்னு எங்க அப்பா என்னைய அப்பிடி வளத்திருக்காவ. இந்த வளப்பு இல்லாம, கொஞ்சம் அல்பமா வளத்திருந்தாவன்னா, அன்னைக்கே எல்லாம் தீந்திருக்கும்.

இருபத்தாறாந் தேதி. சண்டைன்னா சண்டை, ஆனா மவ வருவான்னுதான் நெனச்சேன். காலையிலயே எந்திரிச்சு நாட்டுக்கோழி, மீன் வறுவல், பருப்பு, பாயசம். மருமவனுக்கு நண்டு புடிக்கும்னு நண்டு. புது பெட்ஷீட் விரிச்சேன். ரெண்டு மணி வரைக்கும் வாசலைப் பாத்தேன். மூணு மணி ஆச்சு. எங்க வீட்டுக்காரவ வந்து உக்காந்தாவ, நானே பரிமாறுனேன். நாலு இலை போட்டிருந்தேம்மா. ரெண்டு இலையை அப்பிடியே மடிச்சு எடுத்தேன். நண்டு ஓட்டை உடைக்குத மாதிரி குனிஞ்சுகிட்டேன்.

பொறவு நான் சும்மா இருப்பனா? மாதா சபையில சொன்னேன். பால் வாங்குத எடத்துல சொன்னேன். மீன்காரிகிட்ட சொன்னேன், அவ அந்த வாரம் எனக்குக் கூட ரெண்டு சாளை போட்டா. மைனி சும்மா இருந்தாவளா? அவிய ஊர் முழுக்க, டீச்சர் தலைக் கிறிஸ்மஸுக்கு ஒரு பழம் கூட அனுப்பல, சாப்பாட்டுக்கே இல்லாதவ மாதிரி பேசுதான்னு பரப்பிவிட்டாவ. வருசக் கடைசியில பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்கால் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். மைனி பேராசை, மைனி பெருமை, மைனி நன்றிகெட்டதனம், ஒண்ணு விடாம. ஃபாதர் பொறுமையாக் கேட்டுட்டு, "அம்மா, ஒங்க பாவம் எதாவது இருந்தாச் சொல்லுங்க, வெளிய இன்னும் ஆளு நிக்காவ" ன்னாவ. புது ஃபாதர். அனுபவம் பத்தாது.

ஜனவரி ஆறு, மூணு ராசாக்கள் திருநாள். எங்க வீட்டுக்காரவ காலையிலயே சட்டை மாட்டுனாவ. பென்ஷன் ஆபீஸ்ல வேலை இருக்குன்னாவ. திருநாள் அன்னைக்கு ஒரு வேலைன்னு கெளம்புத ஆளு இல்லையேன்னு எனக்கு அப்பமே தோணணும். தோணல. அடுக்களையில மாசித் தொக்கு பாட்டிலைக் காணுமேன்னு தேடிக்கிட்டு இருந்தேன்.

மத்தியானம் போன். "டீச்சர், நான் வீரபாண்டியபட்டணத்துல இருக்கேன்."

"எதுக்குப் போனிய? மானம் இருக்கா?"

"அது கெடக்கட்டும். ஒன் சீரு இங்கன மரத்தடியிலதான் இருக்கு. ஒருத்தரும் தொறக்கல. எறும்பு மட்டும் ஒரு பெட்டியைத் தொறந்துட்டு."

என்னன்னா, அந்தப் பதினஞ்சு பெட்டியும் சும்மா பெட்டி. உள்ள ஒண்ணும் கெடையாது. மரத்தடியில அழகுக்கு வைக்க டெக்கரேஷன்காரன் வாடகைக்குக் கொண்டாந்தது. இன்னும் ஏழெட்டு அவன் கடையில இருந்து வரணுமாம். அந்த நேரத்துல நாங்க போயி எறங்கிருக்கோம். எங்களைக் கடை ஆளுன்னு நெனச்சுட்டான். பொறவு வந்த கடை வண்டியை, எல்லாம் வந்துட்டுன்னு திருப்பி விட்டுட்டானாம். முப்பத்தோரு வருசம் சர்வீஸ் போட்ட டீச்சரைப் பாத்தா ஒங்களுக்கு டெம்போக்காரன் மாதிரியாம்மா இருக்கு? மைனி வந்ததும், "பெட்டியெல்லாம் வந்துட்டு" ன்னு சொல்லிருக்கான். சொல்லிருங்கன்னு நாந்தானே சொன்னேன், அவனும் சொல்லிட்டான். திருநாள் அன்னைக்குச் சாயங்காலம் குடிலைக் கலைக்க வந்து இருபத்திரெண்டு பெட்டியையும் வண்டியில ஏத்த இருந்திருக்கான். நல்ல காலம், இவிய அதுக்கு முந்தியே போயிட்டாவ. காப்பி குடிச்சுக்கிட்டே மரத்தைப் பாத்திருக்காவ. பாத்ததும் எந்திரிச்சுப் போயி ஒண்ணைத் தூக்கிப் பாத்திருக்காவ. நான் அப்பொறம் கேட்டேன், எப்பிடிங்க கண்டுபிடிச்சியன்னு. "நாப்பது வருசம் பெட்டி தூக்குனவன் டீச்சர். ஒருதடவை தூக்குன பெட்டி மறக்குமா?"ன்னாவ.

அடுத்த பஸ்ல ஏறிட்டேன். ஒரு மணி நேரமும் பேச வேண்டியதை மனசுக்குள்ள வரிசையா அடுக்கி வச்சுக்கிட்டேன். உள்ள நுழைஞ்சா, ஹால் நடுவுல மைனி தரையில உக்காந்திருக்காவ. சுத்தி ஏழு பெட்டியும் தொறந்து கெடக்கு. மடியில பட்டுச்சேலை. கேக்கு இருந்த எடத்துல எறும்பு, அப்பிடியே சதுரமா. மைனி என்னைய நிமிந்து பாத்தாவ. கண்ணெல்லாம் செவந்திருக்கு. "மைனி, ஒரு பேர் எழுதிருக்கக் கூடாதா? ஒரு பழத்தார் வச்சிருந்தாக்கூட சீருன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்லா. இந்தப் பிள்ளையைப் பன்னெண்டு நாளா நான் ஒரு முகத்தோட பாக்கலியே" ன்னாவ.

"பையைச் சொன்னது ஆரு?"ன்னு கேட்டேன்.

"எந்தப் பை?"ன்னாவ. ஞாபகமே இல்லையாம். பெட்டி எடுக்க நான் மூணு நடை அலைஞ்சதுக்குக் காரணமான பேச்சு, அவியளுக்கு ஞாபகமே இல்ல.

அடுக்கி வச்ச பேச்சு அத்தனையும் ரெடியா இருக்கு. வாயைத் தொறக்கப் போறேன், அப்பத்தான் வினோலியாவைப் பாத்தேன். அடுக்களை நிலைக்கிட்ட நிக்கா. கையில மாசி பாட்டில். விரலால எடுத்துத் தின்னுக்கிட்டே அழுதுக்கிட்டு இருக்கா. மெலிஞ்சிருந்தா.

"நான் பாத்தேம்மா" ன்னா. "இருபத்திமூணாந் தேதி வேலை விட்டு வந்ததும் பாத்தேன். நீ எதையாவது வச்சுட்டுப் போயிருப்பியோன்னு மரத்தடியில உக்காந்து ஒவ்வொரு பெட்டியா பாத்தேன். உன் ரோஜா இருக்கான்னு. இருபத்திரெண்டுலயும் இல்லம்மா."

எம் பெட்டிக்கு முன்னாலதான் உக்காந்திருந்திருக்கா. மூஞ்சிக்கு நேர இருந்திருக்கு. எம் மவ.

வாயே தொறக்கல எனக்கு. என் ஆயுசுல அது ஒரு தடவைதான். எங்க வீட்டுக்காரவ தேதி குறிச்சு வச்சிருக்காவ.

மைனி அன்னைக்கே ரெண்டு பேரையும் எங்க கூட அனுப்பி வச்சாவ. வீட்ல ஒண்ணும் சமைக்கல. ரசம், அப்பளம், அந்த மாசித் தொக்கு, அதுதான் தலைக் கிறிஸ்மஸ் விருந்து. மருமவன் ரசம் பிரமாதம்னாவ. பொய்யி. நல்லா இருந்தாத்தான் அவிய ரெண்டாவது தடவை கேப்பாவ, கேக்கல. வினோலியா நாலு நாள் இருந்தா. இளநீல ரூமுக்குள்ள போயி, "செவுரு எப்பம்மா அடிச்சே?"ன்னா. அக்டோபர்லன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. நேத்துன்னுட்டேன்.

மைனியும் நானும் இப்ப ஒத்துமைதான். ஹாட்பாக்ஸைப் பத்தி மட்டும் நாங்க பேசிக்கிடது இல்ல. பெட்டி அலங்காரத்துக்குக் கெடைச்ச பரிசுன்னா பெட்டிக்காரிக்குத்தானே? ஏழு எங்க, பதினஞ்சு எங்கன்னு கணக்குப் பாத்தாலும் ஒரு மூடியாவது எனக்கு வரணும். நான் கேக்கல. எங்க அப்பா வளத்த வளப்பு.

அதுனால சொல்லுதேன், எந்தப் பெட்டி வேணும்னாலும் எடுங்க, மேல பேரை எழுதிருங்க. என்ன? ஓ, கிறிஸ்மஸ் ஃப்ரெண்டுன்னா பேர் எழுதக் கூடாதா. ஆமா, ரகசியம்லா. இதை மொதல்லயே சொல்லிருக்கலாம்லா நீங்க, நானும் இவ்வளவு நேரம் மூச்சைக் குடுத்துப் பேசிக்கிட்டு இருக்கேன். சரி, அப்பம் ஒங்க கையால என்னத்தையாவது ஒண்ணைச் செஞ்சு அதுல ஒட்டுங்க. கோணலா இருந்தாலும் பரவாயில்ல. ஒங்களைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

வரிசை நகந்துட்டு பாருங்க. நீங்க முன்னால போங்க. இல்ல, எனக்கு பெட்டி ஒண்ணும் வேண்டாம். நாளைக்கழிச்சு வீரபாண்டியபட்டணம் போறேன், பழத்தாருக்குச் சொல்லியாச்சு, மாசி செஞ்சாச்சு. எல்லாத்தையும் அந்த ஜவுளிக்கடை கட்டைப்பையிலதான் போட்டு வச்சிருக்கேன். மைனி என்ன வேணும்னாலும் சொல்லிக்கிடட்டும்.

ஏட்டி, அந்தச் செவப்பு ரிப்பன்ல நாலு மீட்டர் வெட்டு. ஒட்டுத பூவெல்லாம் வேண்டாம், நீயே வச்சுக்கோ. பைக் காதுல கட்டணும். எம் மவ வாசல்ல நிப்பா, தூரத்துல வரும்போதே தெரியணும்.